மைக் அண்ணன் பேசாத கூட்டத்தொடர்

அவருக்கு மைக் அண்ணன் என்று பேர் வந்ததே மைக் இல்லாமல் பேசியதால்தான். முதன்முதலில் தேர்தலில் நின்றபோது, கட்சிக்காரர்கள் வாடகைக்கு எடுத்துவந்த ஒலிபெருக்கி கூட்டத்தின் நடுவே கரகரத்து உயிரை விட்டது. மேடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அவர் மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சந்தைக்கு அந்தப் பக்கம் கடையைச் சாத்திக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட ஒரு சொல் விடாமல் கேட்டது. அந்தத் தேர்தலில் ஜெயித்தார். அதன்பின் இன்னும் மூன்று முறை ஜெயித்தார். சொந்தப் பெயர் வாக்குச்சீட்டிலும் சட்டமன்றப் பதிவேட்டிலும் மட்டுமே இருந்தது. மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும், "உங்க மைக்கைக் கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா" என்றுதான் கேட்பாள்.

அந்தக் குரல் மேடையில் வளர்ந்ததல்ல, பஸ்ஸில் வளர்ந்தது. அரசியலுக்கு வருமுன் ஒரு தனியார் கம்பெனி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அதை ஓட்டியவர் அவருடைய நண்பர். அவரை எல்லோரும் ஸ்டியரிங் என்று கூப்பிடுவார்கள். ஒரு கோடையில் மாற்று டிரைவர் வரவில்லை. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்த ஸ்டியரிங்கையே மறுபடியும் எடுக்கச் சொன்னார் முதலாளி. "கண்ணைச் சொக்குது முதலாளி" என்றார் ஸ்டியரிங். "வண்டி நின்னா உன் வேலையும் நின்னுடும், பாத்துக்க" என்று பதில் வந்தது.

நட்டநடுப் பகலில், வளைவு நெளிவில்லாத சாலையில், பஸ் மெல்ல ஓரம் சாய்ந்து கால்வாய்க்குள் இறங்கியது. பிரேக் சத்தம்கூடக் கேட்கவில்லை. பதினோரு பேர் போய்விட்டார்கள். கண்டக்டர் பின்வாசல் வழியாக வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார். ஸ்டியரிங்கும் பிழைத்தார். பிழைத்ததுதான் அவர் செய்த குற்றம் என்பதுபோல ஊரே அவர்மேல் பாய்ந்தது. சிறைக்குப் போய்த் திரும்பியவர் அதன்பிறகு எந்த வண்டியிலும் முன்னால் உட்காரவில்லை. சில வருஷங்களில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் செத்துப்போனார். முதலாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள்.

"இடம் இல்லைன்னா உண்டாக்கணும்" என்று சொல்லித்தான் கண்டக்டர் தேர்தலில் நின்றார்.

எம்.எல்.ஏ. ஆனபிறகுதான், சட்டம் செய்வது அந்த வேலையில் ஒரு மூலை என்று தெரிந்தது. மற்றதெல்லாம் வீட்டு முன்னறையில் நடந்தது. விடிந்ததும் பெஞ்சில் ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது, மகளுக்கு மாற்றல் வேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இந்தப் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டான். மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாளர். போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தவர்களை வரிசைப்படுத்துவான். ஒருநாள் ஒருத்தர் வந்து, கோபித்துக்கொண்டு போன மனைவியை எம்.எல்.ஏ. சொல்லித் திரும்ப வரவைக்க வேண்டும் என்றார். மைக் அண்ணனும் சளைக்காமல் அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். வெகுநேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். "அவங்க சொல்றதுதான் எனக்குச் சரின்னு படுது. நீங்க போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றார். அந்த ஆள் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டாரா என்பது சந்தேகம்தான்.

இதற்கெல்லாம் நடுவே, ஓட்டுநர் ஓய்வு மசோதாவை அவர் விடவில்லை. அது அரசாங்கம் கொண்டுவந்ததல்ல. ஒரு உறுப்பினர் தன் பேரில் கொண்டுவரும் தனிநபர் மசோதா. ஒரு முறை வண்டி ஓட்டி இறங்கிய டிரைவர் போதுமான அளவு தூங்கி எழாமல் மறுபடி ஏறக்கூடாது, ஏறும்படி விரட்டுகிற முதலாளிக்குச் சிறை. இதுதான் அதன் சாரம். மூன்று முறை கொண்டுவந்தார். மூன்று முறையும் தோற்றது. அவர் கட்சியின் தேர்தல் செலவைப் பாதிக்குமேல் தாங்கியவர்கள் பஸ் முதலாளிகள். ஆகவே சொந்த வரிசையில் இருந்தவர்கள் அந்த நேரம் பார்த்துக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். எதிர்வரிசையில் வக்கீலம்மா இருந்தார்.

பக்கத்துத் தொகுதி உறுப்பினர் அவர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, பக்கத்து நாற்காலியைத் தாண்டாத குரல். மூன்று முறையும் அவர் எழுந்து சொன்னது ஒன்றேதான். "நோக்கத்துல எனக்கு மறுப்பில்ல. ஆறாம் பிரிவு நிக்காது. விசாரணையே இல்லாம நேரா ஜெயில்னு எழுதியிருக்கு. முதல் வாய்தாவிலேயே கோர்ட்டு மொத்தச் சட்டத்தையும் தூக்கிப் போட்டுடும்."

அவர் முடிப்பதற்குள் மைக் அண்ணன் எழுந்துவிடுவார். "முதலாளி ஜெயிலுக்குப் போறான்னா வக்கீல் வீட்டுல ஏன் வயிறு எரியுது" என்று அவர் கேட்டால் பார்வையாளர் மாடம் அதிரும். மறுநாள் பத்திரிகையில் அந்த வரிதான் வரும். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இருபது வருஷத்தில் அவர் முழுவதுமாகச் சொல்லி முடித்ததை மைக் அண்ணன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான்காவது முறை ஜெயித்திருந்தபோதுதான் தொண்டை கட்டியது. பேசிப் பேசி வந்த கரகரப்பு என்று வெந்நீர் குடித்தார். கரகரப்பு போகவில்லை. சாப்பாடு இறங்கும்போது முள் குத்தியது. மனைவி அவரை இழுத்துக்கொண்டு போய்த் தொண்டை டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

டாக்டர் இளைஞர். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "குரல்வளையை எடுத்தாகணும் சார். எடுத்தா உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கு."

"எடுத்தா பேச்சு?"

"இப்ப பேசற மாதிரி பேச முடியாது."

அவர் சிரித்தார். "டாக்டர், நான் எம்.எல்.ஏ. எனக்கு வேலையே பேசறதுதான். கூட்டத்தொடர் முடியட்டும், என் மசோதா மறுபடி வருது. ஒருவாட்டி பேசிட்டு வந்து படுத்துக்கறேன்."

"அதுக்குள்ள பரவிடும்."

"பரவினா பரவட்டும்."

பக்கத்தில் இருந்த மனைவி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "நாள் குறிங்க டாக்டர். இவர் குரலை ஊரே கேட்டிருக்கு. எனக்கு ஆள் வேணும்."

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டில் எல்லோரோடும் பேசினார். மைத்துனனிடம் தொகுதி வேலைகளைச் சொன்னார். மகளிடம், சின்ன வயதில் அவளை அடித்ததைச் சொல்லி வருத்தப்பட்டார். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. மனைவியிடம் மட்டும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "என்னங்க" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார்.

கண் விழித்தபோது கழுத்தில் ஒரு துளை இருந்தது. மூச்சு மூக்கைத் தொடாமல் அந்த வழியாகப் போய் வந்தது. ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்த மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, காற்று கழுத்தில் புஸ்ஸென்று போனது. வீட்டுக்கு வந்த சில நாளில் மைத்துனன் ஏதோ கேலி பேச, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு சத்தமும் இல்லை. அதைப் பார்த்து மைத்துனன் சிரிப்பை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் அவரை நிஜமாக உடைத்தது. அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதற்கும் சத்தம் வரவில்லை.

ஒரு சிலேட்டு வாங்கிக்கொடுத்தாள் மகள். இரண்டாம் நாளே அதில் அவர் எழுதியது: "மசோதா என்னிக்கு?"

பேச்சை உட்கார்ந்து எழுதினார். வாயால் சொன்னால் மணிக்கணக்கில் ஓடக்கூடியது, கையால் எழுதியபோது இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது. பாதி வரிகள் கைதட்டலுக்காகச் சொன்னவை என்பது தாளில் போட்டுப் பார்க்கும்போது தெரிந்தது. அவற்றை அடித்தார். ஆனால் ஆறாம் பிரிவில் கை வைக்கவில்லை.

இனி அதை யார் வாசிப்பது என்பதுதான் கேள்வி. சபையில் உறுப்பினர்கள்தான் பேசலாம். மைத்துனனோ மகளோ அங்கே நிற்கக்கூட முடியாது. மைத்துனன் கட்சிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒருத்தருக்கு அன்று வெளியூர்ப் பயணம். ஒருத்தருக்கு ஜலதோஷம். இன்னொருத்தர், "அண்ணன் பேச்சை அவர் வாயால கேக்கணும், அதுக்கு ஈடு யாரு" என்று உருகிவிட்டு உள்ளே போய்விட்டார். "வாசிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் மேலிடத்துல இருந்து சொல்லியாச்சு மாமா" என்றான் மைத்துனன். அவர் சிலேட்டில், "நான் போறேன்" என்று மட்டும் எழுதினார்.

தனிநபர் மசோதாக்களை வாரக் கடைசியில், சபை கொட்டாவி விடும் நேரத்தில்தான் எடுப்பார்கள். ஆனால் அன்று பார்வையாளர் மாடம் நிறைந்திருந்தது. காக்கிச் சட்டை டிரைவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, கையில் சிலேட்டோடு மைக் அண்ணன் உள்ளே வந்தபோது, இரண்டு வரிசையும் மேசையைத் தட்டின. அவர் தன் இடத்தில் போய் நின்று இரண்டு தாளையும் உயர்த்திக் காட்டினார்.

சபாநாயகருக்குச் சங்கடம். "உறுப்பினர் சார்பாக அவருடைய உரையை வேறொரு உறுப்பினர் வாசிக்கலாம். யாராவது இருக்கிறீர்களா" என்று மைக் அண்ணனின் கட்சி இருந்த ஆளுங்கட்சி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். ஒருவர் கூரையில் மின்விசிறியைப் பார்த்தார். மைக் அண்ணன் உயர்த்திய தாளை இறக்காமல் நின்றார்.

"நான் வாசிக்கிறேன்" என்றது ஒரு குரல். யார் என்று பார்க்கப் பலர் திரும்ப வேண்டியிருந்தது. வக்கீலம்மா எழுந்து நின்றார்.

நடுவில் இருந்த வெற்றிடத்தைக் கடந்து அவர் நடந்து வந்தார். "குடுங்கண்ணே" என்று கை நீட்டினார். மைக் அண்ணன் தாளைக் கொடுக்காமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறோம் என்பது அவருக்குத்தானே தெரியும். பிறகு விட்டார்.

வக்கீலம்மா ஏற்ற இறக்கம் இல்லாமல், சாட்சியின் வாக்குமூலத்தை வாசிப்பதுபோல வாசித்தார். கால்வாய், வெயில், கண் சொக்கிய டிரைவர், பிரேக் சத்தமே கேட்காத சாலை. மைக் அண்ணன் வாயில் இடியாய் இறங்கியிருக்கும் சொற்கள் அந்தச் சின்னக் குரலில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கேட்பதற்காகச் சபையே முன்னால் சாய்ந்தது.

இரண்டாம் பக்கத்தில் அவர் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்தார். "இது என்னைப் பற்றியது. எழுதியபடியே வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "எதிரே இருக்கிற வக்கீலம்மா இப்போது எழுந்து ஆறாம் பிரிவு என்பார்கள். அவர்கள் வாதம் சலவை செய்த துணிமாதிரி சுத்தமாக இருக்கும். சேற்றிலிருந்து பிணம் எடுத்தவனுக்கு அந்தச் சுத்தம் பிடிபடாது." சபை சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார். மைக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீலம்மா வாசித்து முடித்துத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தன் இடத்துக்குப் போய், சபாநாயகரின் அனுமதியோடு பேசினார். "இதுவரை வாசித்தது அவருடைய பேச்சு. இது என்னுடையது. ஆறாம் பிரிவில் சிறையை எடுத்துவிட்டு, விசாரணை, குற்றம் உறுதியானால் பர்மிட் ரத்து என்று திருத்த வேண்டும். சிறை என்றால் முதலாளி ஜாமீன் வாங்கி மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவார். பர்மிட் போனால் வண்டியே கிளம்பாது. அதற்குத்தான் அவர் பயப்படுவார். இந்தத் திருத்தத்தை உறுப்பினர் ஏற்றுக்கொண்டால் எங்கள் வரிசை முழுவதும் அவரோடு நிற்கும்."

மைக் அண்ணனுக்கு எப்போதும்போல அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. அது மேலே ஏறித் தொண்டைவரை வந்தது. அங்கே அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி கீழே இறங்கிவிட்டது. அந்த இடைவெளியில்தான், இருபது வருஷமாகத் தன் சத்தத்துக்கு அடியில் கிடந்த வாதத்தை அவர் முழுவதுமாகக் கேட்டார். சிறையை எதற்கு எழுதினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஸ்டியரிங் போன இடத்துக்கு அந்த முதலாளியும் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த முதலாளியும் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்களோ நாளைக்கு வண்டி எடுக்கப்போகிறவர்கள்.

"உறுப்பினருக்குச் சம்மதமா" என்று கேட்டார் சபாநாயகர்.

அவர் சிலேட்டில் எழுதி உயர்த்தினார். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டது. சபாநாயகர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறார்?"

"சம்மதம்னு எழுதியிருக்கார்" என்றார் வக்கீலம்மா.

குரல் வாக்கெடுப்பு என்றார்கள். "ஆம்" என்று சபை சொன்னபோது, மசோதாவைக் கொண்டுவந்தவரின் குரல் மட்டும் அதில் இல்லை. அவர் மேசையைத் தட்டினார். யாரோ எண்ணச் சொன்னார்கள். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க, அவர் முதல் ஆளாக எழுந்தார். எதிர்வரிசை எழுந்தது. சொந்த வரிசையில் எல்லோரும் போக்குவரத்து அமைச்சரைப் பார்த்தார்கள். அமைச்சர் மாடத்தில் இருந்த காக்கிச் சட்டைகளைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, இடுப்பு வலிக்காரர்போல மெல்ல எழுந்தார். அவர் பின்னால் சிலர் எழுந்தார்கள். மசோதா நிறைவேறியது.

வெளியே தாழ்வாரத்தில் கட்சிக் கொறடா அவரைப் பிடித்துக்கொண்டார். "எதிர்க்கட்சி திருத்தத்தை ஒத்துக்கறதுக்கு முன்னாடி கட்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

மைக் அண்ணன் எழுதினார்: "கேக்க வாய் இல்லை." கொறடா அதைப் படித்துவிட்டு, கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் போய்விட்டார்.

மாடத்திலிருந்து இறங்கிவந்த கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் சுவரோரம் நின்றிருந்தாள். ஸ்டியரிங்கின் மனைவி. துணி தேய்க்கும் கடையில் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிலை எடுத்துட்டீங்களாமே, அண்ணே" என்றாள்.

அவர் சிலேட்டை எடுக்கப்போய் நிறுத்தினார். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. உதட்டை அசைத்தார், அது அவளுக்குப் புரியவில்லை.

"எடுத்தது நல்லதுதான்" என்றாள் அவளே. "அங்க போய் வந்தவரோட நான் குடும்பம் நடத்தியிருக்கேன். எந்த முதலாளி வீட்டுலயும் ஒரு பொம்பளை இருப்பா இல்ல." தலைப்பிலிருந்து கையை எடுத்தாள். "உடம்பைப் பாத்துக்கங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. உடல்நிலையைக் காரணம் சொல்லி, சால்வை போர்த்தி, நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். முன்னறைப் பெஞ்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. ஒருநாள் மைத்துனன் வந்து வாசலிலேயே நின்றான். புது எம்.எல்.ஏ. உதவியாளராகக் கூப்பிடுகிறார் என்பதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. மைக் அண்ணனே ஊகித்து, "போடா, உனக்குத் தெரிஞ்ச வேலை" என்று எழுதி அவன் தோளைத் தட்டினார்.

சட்டமும் நினைத்ததுபோல் எல்லா இடத்திலும் நடக்கவில்லை. சில டிப்போக்களில் டிரைவர்கள் படுக்கும் அறையில் பழைய டயர்களை அடுக்கினார்கள். சில கம்பெனிகள் பொய்ப்பேரில் மாற்று டிரைவர் இருப்பதாகக் கணக்குக் காட்டின. ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. சட்டத்தின் பக்கம் நின்று வாதாடியவர் வக்கீலம்மா. சட்டம் நின்றது, அந்தக் கம்பெனியின் பர்மிட் போனது. அதற்குப்பின் பல இடங்களில் டயர்கள் வெளியே வந்தன.

தீர்ப்பு வந்த அன்று வக்கீலம்மா மைக் அண்ணன் வீட்டுக்கு வந்து, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மைக் அண்ணன் ஒரு இடத்திலும் குறுக்கே எழுதவில்லை. அவர் போனபின், "இவ்வளவு பேசுவாங்களா அந்தம்மா" என்று மனைவி ஆச்சரியப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அவருக்கு உணவுக்குழாய் வழியாகக் காற்றை வாங்கிப் பேசப் பழக்கினாள். மாதக்கணக்கில் வெறும் ஏப்பம்தான் வந்தது. பிறகு ஏப்பத்துக்குள் ஒரு எழுத்து, அப்புறம் ஒரு சொல். தகரத்தைக் கல்லில் தேய்த்ததுபோன்ற சத்தம். பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். தொண்டை டாக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பி, தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், குரல் போகப்போறவங்க நாங்க சொன்னா நம்பறதில்ல. நீங்க வந்து அவங்களோட கொஞ்சம் உக்காரணும்." அன்றிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தார்.

மொத்த மார்க்கெட்டில் காய்கறி ஏலம் போடுகிறவர் ஒருவர் ஒருநாள் கட்டிலில் இருந்தார். பெருத்த உடம்பு, அகன்ற மார்பு. மறுநாள் காலையில் ஆபரேஷன். மனைவியும் தம்பியும் இரண்டு பக்கமும் நின்று, எல்லாம் சரியாகிவிடும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தவர் யார், முன்பு என்னவாக இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏலக்காரர் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குமா?"

"வலிக்கும்" என்றார் மைக் அண்ணன். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏலக்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்ப ஏலம் போட முடியுமா?"

"முடியாது."

தம்பிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஏலக்காரர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பெரிய மூச்சொன்று விட்டார்.

"இதை நேரா சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லி, காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார். மைக் அண்ணன் உட்கார்ந்தார்.